ஐம்பது வயதில் அல்சைமரா? வீட்டாருக்கும் தெருவாருக்கும்

காவாந்தண்டலம் கிராமத்தில் ஐம்பது வயதுக்காரர் வீட்டு வழியை மறந்தால் "ஏதோ கவலை" என்று விட்டுவிடாதீர்கள். அல்சைமர் என்னும் மறதிநோய் 65 வயதுக்கு முன்பும் வரும்.

1. அரசு மருத்துவமனையில் காட்டி, தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனை கேளுங்கள். இவை குறைந்தாலும் மறதி வரும். அதற்கு மருந்து உண்டு.

2. மறைக்காதீர்கள். டீக்கடை, ரேஷன் கடை, பஸ் கண்டக்டர் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். வழி தவறி நிற்பவரை முதலில் பார்ப்பது அவர்கள்தான். இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

3. சட்டைக் காலரின் உள்பக்கம் போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள். பையில் வைத்த சீட்டு துவைக்கும்போது கரைந்துவிடும்.

4. பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். அந்த பாட்டிலும் இருமல் சிரப்பும் அவருக்கு ஒன்றாகவே தெரியலாம்.

5. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, கீரை ஆய்வது போன்ற வேலைகளைப் பிடுங்காதீர்கள். கைப்பழக்கம் நெடுநாள் நிற்கும். "நேற்று சொன்னேனே" என்று மட்டும் கேட்காதீர்கள், பயந்துவிடுவார்.

6. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் வந்தால் பிரஷர், சுகர் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஏறினால் மூளை மேலும் தளரும்.

7. பார்த்துக்கொள்பவருக்குத் தூக்கம் கெட்டால் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். வாரம் ஒரு மதியம் பக்கத்து வீட்டார் நோயாளியோடு திண்ணையில் உட்காரட்டும்.