அடாப்டர் கேட்காத டிஸ்க்

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற வேப்பமரம் மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. பல மாநிலத்துக்குக் கரன்ட் அனுப்புகிற ஊர். எங்கள் தெருவில் மெழுகுவத்தி.

ஜன்னல் உடைந்து சாரல் அடித்ததில் கம்ப்யூட்டர் போய்விட்டது. அப்பாவின் சர்வீஸ் காகிதங்கள், பாலிசிகள் எல்லாவற்றின் ஸ்கேனும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன் லேப்டாப்பில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. ஆனால் என்னுடையது மேசையில் வைக்கிற 3.5 அங்குல டிஸ்க். 12 வோல்ட் அடாப்டரைப் பிளக்கில் செருகினால்தான் சுற்றும். கரன்ட் திரும்பும்வரை அதைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருந்தேன், நகை மாதிரி.

அன்றிலிருந்து கடையில் எத்தனை டிபி என்று கேட்பதற்கு முன்னால், எதிலிருந்து கரன்ட் எடுக்கும் என்று கேட்கிறேன். 2.5 அங்குல டிஸ்க்குக்கு லேப்டாப்பின் யூஎஸ்பியே போதும். போனில் ஓடிஜி வைத்து மாட்டினால் சிலசமயம் டிக் டிக்கென்று அடித்துவிட்டு நின்றுபோகும்; தட்டைச் சுழற்றுகிற அளவுக்குப் போன் கரன்ட் கொடுப்பதில்லை. எஸ்எஸ்டியில் சுழல ஒன்றுமில்லை. என்னுடையது போனிலேயே திறக்கிறது, போனுக்கு பவர்பேங்க் இருக்கிறது. உங்கள் போனைக் கடைக்கே எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32-வில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே வீடியோ ஏறாது.

எஸ்எஸ்டியை வருடக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். மின்னூட்டமாகத்தான் அது தகவலைப் பிடித்து வைக்கிறது. நம்மூர் வெயிலில் அது சீக்கிரம் கசியும். சில மாதத்துக்கு ஒருமுறை மாட்டி ஓடவிடுகிறேன். நெடுநாள் இருப்புக்கு 2.5 அங்குல டிஸ்க், அது விருத்தாசலத்தில் அக்கா வீட்டில். இங்கே நெய்வேலியில் காலையில் துடைத்த மேசையில் சாயங்காலம் விரல் வைத்தால் தூசியில் கோடு விழும். அதனால் கையில் இருக்கும் எஸ்எஸ்டி ஜிப் பையில், பை எவர்சில்வர் டிபன் டப்பாவில்.

மலிவு விலையில் 1 டிபி பென்டிரைவ் ஒன்றும் வாங்கி ஏமாந்தேன். ஃபைல் பெயரெல்லாம் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. இப்போது எதை வாங்கினாலும் முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்த பிறகுதான் நம்புகிறேன்.

ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உங்கள் பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள்.