செவலைக் கன்று மயிலையாவது ஏன்?

கேள்வி: எங்கள் காங்கயம் பசு ஈன்ற கன்று செவலையாக இருந்தது. இப்போது உடம்பெல்லாம் சாம்பல் படர்கிறது. ஏதும் குறையா?
– வாசகர், வெள்ளகோவில்

பதில்: குறையே இல்லை, கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். காங்கயம் கன்றுகள் பெரும்பாலும் செந்நிறமாகப் பிறந்து, ஏறக்குறைய 6 மாதத்தில் சாம்பலுக்கு, அதாவது மயிலைக்கு, மாறும். சில மாடுகள் கடைசிவரை செவலையாகவே இருப்பதும் உண்டு. உங்களுடையது காளைக்கன்று என்றால் இனிமேல்தான் அழகு: வளர வளர திமிலிலும் முன்பக்கத்திலும் பின்தொடையிலும் கருமை ஏறும். ஆண் சுரப்பியின் வேலை அது. அதனால்தான் காயடித்த வண்டி மாடு சாம்பலாகவே நிற்கிறது. மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று கொங்குக் குடியானவர்கள் நிறத்தைக் கண்டதும் பிரித்துச் சொல்வதை நான் பெரிய கல்வியாகவே மதிக்கிறேன். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால், பூச்சிக்காளைகளை, அதாவது பொலிகாளைகளை, திமிலிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கருமை ஒவ்வொன்றிலும் வேறு விதமாக இறங்கியிருக்கும்.