டிசம்பரில் போய் வீடு பார்

அன்பு மகனுக்கு,

முடிச்சூரில் ஒன்றும் வேளச்சேரியில் ஒன்றுமாக இரண்டு அடுக்கக வீடுகள் பார்த்து வைத்திருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னான். விலை, பள்ளிக்கூடம், ரயில் நிலையத் தூரம் எல்லாம் விசாரித்திருக்கிறாய். தண்ணீரைப் பற்றி விசாரித்ததாகத் தெரியவில்லை. பெரியப்பாவின் கவலை அதுதான்.

2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். முடிச்சூர் மூழ்கியதற்கும் அந்த ஏரிதான் காரணம் என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே; முடிச்சூர் அதற்கு மேற்புறம் இருக்கிறது. அங்கே படகு விடவைத்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி அடையாற்றின் தொடக்கப் பகுதியில் பாய்ந்த வெள்ளம். பெரிய ஏரி எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்பவருக்கு இது தெரியவே வராது. பெயர் தெரியாத சிற்றேரியின் கலங்கல் எந்தப் பக்கம் வழிகிறது என்று கேட்கவேண்டும்.

வேளச்சேரியின் கதை வேறு. அங்கே தண்ணீர் பாய்ந்து வருவதைவிட வடியாமல் நிற்பதுதான் தொல்லை. சுற்றுவட்டார ஏரிகளின் உபரியெல்லாம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயைத் தொட்டு, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கவேண்டும். பல ஆயிரம் ஏக்கர் பரந்திருந்த அந்தச் சதுப்பில் பெரும்பகுதி குப்பைமேடாகவும் கட்டடங்களாகவும் ஆனபின், 2022இல்தான் எஞ்சியதற்கு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த பிறகும் அந்தப் பகுதியில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது.

தரகர் கோடையில் காட்டும் தெருவை மழையில் போய்ப் பார்க்கவேண்டும். இஸ்திரி போடுபவர், பால் போடுபவர், டீக்கடைக்காரர் ஆகிய மூவரும் 2015லும் 2023லும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கையை வைத்தே காட்டிவிடுவார்கள். சாலை போடப்போட உயர்ந்து, பழைய வீடுகளின் வாசற்படி கீழே போயிருக்கிறதா என்றும் பார். வருவாய்த்துறையின் 'அ' பதிவேடும் புல வரைபடமும், நகரப் பகுதியென்றால் நகர நில அளவைப் பதிவேடும், அந்தச் சர்வே எண்ணில் முன்பு குட்டையோ வாய்க்காலோ இருந்ததா என்று காட்டும். பட்டா இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதே.

இனி காப்பீடு. 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு நடப்பில் இருக்கிறது. வெள்ளம், புயல், நிலநடுக்கம் மூன்றும் அதில் அடக்கம். ஆனால் அது தருவது கட்டுமானச் செலவைத்தான். மனையின் மதிப்பு சேராது. 900 சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தால் 22.5 லட்சம். நீ கொடுக்கும் விலை 80 லட்சமாக இருந்தாலும் அவ்வளவுதான். வீட்டுப் பொருட்களுக்கு அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், தானாகவே சேரும். கீழ்த்தள பார்க்கிங்கில் நிற்கும் கார் இதில் வராது. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால், அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுக்காதவருக்கு மோட்டார் பாலிசியிலும் பணம் கிடைப்பது கடினம். வங்கி கடனோடு சேர்த்துக் கொடுக்கும் காப்பீடு பெரும்பாலும் கடனாளியின் உயிருக்கு. வீட்டுக்கு என்று நினைத்துக்கொள்ளாதே.

பாலிசி புது ஃபிரிட்ஜ் வாங்கித் தரும். மின்சாரமும் லிஃப்ட்டும் இல்லாத நான்கு நாள்களில் முழங்கால் வலியோடு உன் அப்பா மூன்று மாடி இறங்கவேண்டியதற்கு அதில் ஒன்றும் எழுதியிருக்காது. அதனால் முதலில் மேட்டு நிலம், அதன்பின் பாலிசி என்பதே பெரியப்பாவின் முடிவு. முடிச்சூர் வீடு தரைத்தளம் என்றால் வேண்டவே வேண்டாம்.

தயக்கமாக இருந்தால் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அதே தெருவில் வாடகைக்கு இருந்து பார். வாடகைக்கு இருப்பவர் பொருட்களுக்கு மட்டும் இதே பாலிசியை எடுக்கலாம். அட்வான்ஸ் கொடுக்குமுன் இரண்டு இடங்களின் சர்வே எண்களையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பெரியப்பா