அயல்நாட்டுக் களைகளும் பூச்சிகளும்: ஊராட்சிகள் அறிய வேண்டுவன

வேளாண்மைக்குப் பகை வெள்ளமும் வறட்சியும் மட்டும் அல்ல. வெளிநாட்டிலிருந்து வந்து, நம் ஏரிகளையும் மேய்ச்சல் நிலங்களையும் பயிர்களையும் கவர்ந்துகொள்ளும் செடிகளும் பூச்சிகளும் அவற்றுக்குச் சற்றும் இளைத்தவை அல்ல. இவற்றைத் தனி ஒரு விவசாயி தம் வரப்புக்குள் நின்று தடுத்துவிட இயலாது. நாடு முழுமைக்கும் பொதுவான திட்டம் ஒன்றும், அத்திட்டத்திற்குக் கண்ணாக விளங்கும் செய்தி முறை ஒன்றும் இன்றியமையாதவை. இவ்விரண்டிலும் ஊராட்சிக்குள்ள பங்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எவை பகை?

வெளிநாட்டிலிருந்து வந்தவை யாவும் தீயவை என்று கருதலாகாது. மிளகாயும் நிலக்கடலையும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவையே. அவை நாம் பயிரிடும் இடத்தில் பயன் தந்து நிற்கின்றன. ஆனால் சீமைக் கருவேல், ஆகாயத்தாமரை, பார்த்தீனியம், உண்ணிச்செடி ஆகியவை யாரும் விதைக்காத இடங்களிலும் தாமே பரவி, அங்குள்ளவற்றை அழித்து இடம் பிடிக்கின்றன. இதற்குக் காரணம் என்ன? இவற்றின் தாயகத்தில் இவற்றைத் தின்னும் பூச்சிகளும் வருத்தும் நோய்களும் உண்டு. அவற்றை அங்கேயே விட்டுவிட்டு இவை மட்டும் தனித்து வந்தமையால், தடுப்பாரின்றிப் பெருகுகின்றன. ஆகாயத்தாமரை ஏற்ற நீர்நிலையில் இரண்டு வாரத்திற்குள் இருமடங்காகும் இயல்புடையது. பார்த்தீனியத்தின் ஒரே செடி 10,000க்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது.

திட்டத்தின் நான்கு படிகள்

எந்த நாட்டின் திட்டத்திலும் நான்கு படிகள் உண்டு. முதலாவது, வராமல் தடுத்தல். துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் விதை, நாற்று, கனி முதலியவற்றைச் சோதிப்பது இதன்பாற்படும். இந்தியாவில் இது 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி நடைபெறுகிறது. இரண்டாவது, வந்ததை உடனே கண்டறிந்து வேரோடு களைதல். மூன்றாவது, பரவிவிட்டதைக் கட்டுப்படுத்தல். நான்காவது, மீட்ட நிலத்தில் பயனுள்ள மரஞ்செடிகளை நிலைபெறச் செய்தல். ஒவ்வொரு படி கீழிறங்கும்போதும் செலவு பன்மடங்கு உயரும். பத்துச் செடிகளைப் பிடுங்க ஓர் ஆள் போதும். பத்து ஆண்டுகள் கழித்து அதே வேலைக்குப் பொக்லைன் இயந்திரமும் பெருந்தொகையும் தேவைப்படும்.

பப்பாளி மாவுப்பூச்சி தந்த பாடம்

2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் காணப்பட்டது. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி ஆகியவற்றையும் தாக்கியது. அதன் உடலை மூடியுள்ள மெழுகுப் பூச்சினால் மருந்து எளிதில் உட்செல்லவில்லை; மீண்டும் மீண்டும் தெளித்த மருந்து நன்மை செய்யும் பூச்சிகளையே கொன்றது. 2010ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டு, சோதித்துப் பெருக்கப்பட்டு வயல்களில் விடப்பட்டன. பூச்சியின் கொடுமை விரைவில் அடங்கிற்று. மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் இவ்வழியே கைகொடுத்தது. 2020இல் கேரளத்தில் அது தென்பட்டது. சேலம், நாமக்கல் மாவட்ட மரவள்ளி விவசாயிகளும் அதனால் இழப்புற்றனர். 2022இல் அதற்குரிய குளவி வயல்களில் விடப்பட்டது.

இரு நிகழ்ச்சிகளிலும் பூச்சி காணப்பட்டதற்கும் தீர்வு வயலை அடைந்ததற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்தன என்பதை நோக்குக. பூச்சி இன்னதென அறியாமல் அதற்குரிய பகையைத் தேட இயலாது. ஆகவே, முதன்முதலில் கண்டவர் கொடுக்கும் செய்தி எவ்வளவு விரைவாகச் செல்கிறதோ அவ்வளவுக்கு இழப்பு குறையும். அம்முதற்செய்தி பிறக்கும் இடம் ஆராய்ச்சி நிலையம் அன்று. விவசாயியின் வயலே ஆகும்.

சீமைக் கருவேல் தரும் பாடம்

விறகுக்கும் தரிசு நிலத்தை மூடுவதற்கும் எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொணரப்பட்ட இம்மரம் இன்று கண்மாய்களையும் வரத்துக் கால்வாய்களையும் அடைத்து நிற்கிறது. இதன் நெற்றைக் கால்நடைகள் விரும்பித் தின்னும். சாணத்தோடு விழும் விதை அவை செல்லும் இடமெல்லாம் முளைக்கும். அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். எனவே வெட்டுவது வேறு, ஒழிப்பது வேறு. அன்றியும் இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களில் இம்மரத்தைச் சுட்டுக் கரியாக்கிப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் பல. அவர்களுக்கு மாற்று வழி காட்டாமல் ஒரே நாளில் அழிக்க முற்படுவது நியாயமும் ஆகாது, நிலைக்கவும் செய்யாது. முதலில் நீர்நிலைகள், பின்னர் மேய்ச்சல் நிலம், அதன்பின் ஏனைய தரிசு எனப் பகுதி பகுதியாக வேரோடு அகற்றி, உடனுக்குடன் வேம்பு, புங்கன், நாட்டுக் கருவேல் போன்றவற்றை மண்ணுக்கேற்ப நடுதலே தக்க முறை. தமிழக அரசு 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அயல் தாவரக் கொள்கையும் அகற்றுதலோடு நில்லாமல் சூழலை மீட்டலையும் இணைத்தே பேசுகிறது.

செய்தி முறையும் ஊராட்சிப் பதிவேடும்

2022ஆம் ஆண்டு டிசம்பரில் உலக நாடுகள் செய்துகொண்ட பல்லுயிர் உடன்பாட்டில், அயல் உயிரினங்கள் புதிதாகப் புகுந்து நிலைபெறும் வேகத்தை 2030க்குள் பாதியாகக் குறைப்பது என்னும் குறிக்கோளும் இடம் பெற்றது. எவை எங்கே உள்ளன என்ற கணக்கு இன்றி இக்குறிக்கோள் நிறைவேறாது. அக்கணக்கைத் தொடங்குவதற்குரிய ஏடு நம்மிடம் முன்னரே உள்ளது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைதல் வேண்டும். ஊர் மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் தலையாய கடமை. அப்பதிவேட்டில் அயல் உயிரினங்களுக்கெனச் சில பக்கங்களை ஒதுக்கிப் பின்வருவனவற்றைக் குறித்தல் நலம்:

1. கண்ட செடி அல்லது பூச்சியின் பெயர். பெயர் தெரியாவிடில் அதன் தோற்றம்.
2. கண்ட நாள், புல எண், கண்டவர் பெயர்.
3. பரவியுள்ள அளவு: ஏக்கர் அல்லது மரங்களின் எண்ணிக்கை.
4. வந்த வழி தெரிந்தால் அது: நாற்று, வைக்கோல், மண், வெள்ளம், கால்நடை.
5. செய்த பணியும் செலவும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கண்ட நிலை.

ஐந்தாவது குறிப்பே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. பணி பயன் தந்ததா என்பதை அதுவன்றி வேறெதுவும் காட்டாது.

இனம் தெரியாத பூச்சியைக் கண்டால் அதை மூடிய குப்பியில் இட்டு, படமும் எடுத்து, வேளாண்மை அலுவலரிடம் அன்றே ஒப்படைக்க வேண்டும். தாக்குண்ட செடிகளை வேறு ஊர்களுக்குக் கொண்டு செல்லலாகாது. பார்த்தீனியத்தைப் பூக்குமுன், கையுறை அணிந்து பிடுங்குதல் வேண்டும். அது தோலில் பட்டால் அரிப்பும் புண்ணும் உண்டாகும்.

அடுத்த கிராம சபையில் இப்பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, ஊரின் ஏரி, கால்வாய், புறம்போக்கு ஆகியவற்றை ஒருமுறை சுற்றிப் பார்த்துப் பதிவேட்டின் முதற்பக்கத்தை எழுதுமாறு ஊராட்சி உறுப்பினர்களை வேண்டுகிறோம். நாட்டின் திட்டம் தலைநகரில் வகுக்கப்படலாம். அதற்கு உயிர் கொடுக்கும் செய்தி ஊரிலிருந்தே செல்ல வேண்டும்.