பொன்னி என்றால் எந்தப் பொன்னி?

எக்செல்லில் விலுக்கப் ஃபார்முலா ஒரு நேரத்தில் ஒரே ஒரு மதிப்பைத்தான் தேடும். அதுவும் கொடுத்த பகுதியின் முதல் நெடுவரிசையில் மட்டும். அரிசிக்கடை விலைப்பட்டியலில் பொன்னி 5 கிலோ, 10 கிலோ, 25 கிலோ என்று மூன்று வரி இருந்தால், பெயரை மட்டும் வைத்துத் தேடும் விலுக்கப் மேலே முதலில் கண்ட வரியின் விலையோடு நின்றுவிடும். பிழைச் செய்தி ஏதும் வராது. 25 கிலோ மூட்டைக்கு 5 கிலோ பையின் விலை போட்ட பில் கடையை விட்டுப் போவது இப்படித்தான்.

பழைய, இன்றும் நம்பகமான வழி துணை நெடுவரிசை. பி-யில் பெயர், சி-யில் எடை, டி-யில் விலை, தேட வேண்டிய பெயர் எஃப்2-விலும் எடை ஜி2-விலும் என்றால், ஏ-யில் =பி2&"|"&சி2 என்று இரண்டையும் ஒட்டி, =விலுக்கப்(எஃப்2&"|"&ஜி2, ஏ:டி, 4, 0) என்று தேடலாம். நடுவில் உள்ள கோடு அலங்காரத்துக்கு அல்ல. அது இல்லையென்றால் குறியீடு 1, அளவு 11 என்பதும், குறியீடு 11, அளவு 1 என்பதும் ஒரே 111 ஆகிவிடும். கடைசி 0-வையும் விடக்கூடாது. விட்டால் எக்செல் தோராயப் பொருத்தத்துக்குப் போய்விடும், அகரவரிசையில் இல்லாத பட்டியலில் அது தரும் விடை குருட்டாம்போக்கு.

கூடுதல் நெடுவரிசை வேண்டாம் என்பவர்களுக்கு =இண்டெக்ஸ்(டி2:டி500, மேட்ச்(1, (பி2:பி500=எஃப்2)*(சி2:சி500=ஜி2), 0)). ஒவ்வொரு அடைப்புக்குறியும் ஆம், இல்லை என்று விடை தரும்; பெருக்கும்போது இரண்டும் ஆம் என்ற வரியில் மட்டும் 1 வரும். எக்செல் 2019 வரையிலான பதிப்புகளில் இதை கண்ட்ரோல், ஷிஃப்ட், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தித்தான் பதிய வேண்டும். எக்ஸ்லுக்கப்பிலும் இதே பெருக்கல் செல்லும், எழுதவும் சுருக்கம். ஆனால் அது மைக்ரோசாஃப்ட் 365-லும் எக்செல் 2021 முதலும்தான் உண்டு. ஆடிட்டர் அலுவலகத்தில் 2016 இருந்தால் அனுப்பிய கோப்பு அங்கே வேலை செய்யாது.

தேடுவது எண் என்பதால் சம்இஃப்ஸ் போடுபவர்களும் உண்டு. எளிதுதான். ஆனால் இல்லாத சரக்குக்கு அது 0 தரும், இரண்டு முறை பதிந்த சரக்குக்கு விலையைக் கூட்டித் தரும்.

ஃபார்முலா சரியாக இருந்தும் விடை வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் பட்டியலில்தான். ஓரிடத்தில் 25 எண்ணாகவும் இன்னோரிடத்தில் எழுத்தாகவும் இருந்தால் பெருக்கல் முறை இரண்டையும் வேறு வேறு என்றே பார்க்கும். ஒட்டும் முறையில் எல்லாமே எழுத்தாகிவிடுவதால் அங்கே விடை வந்துவிடும். ஒரே பட்டியல் ஒரு ஃபார்முலாவுக்குப் பதில் சொல்லி இன்னொன்றுக்குக் கைவிரிக்கும் புதிர் இதுதான். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியை ட்ரிம் நீக்கும். இணையத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வரும் 160-ஆம் எண் இடைவெளியை அது நீக்காது. அதற்கு சப்ஸ்டிட்யூட் வேண்டும்.

எதற்கும் முன்னால் =கவுண்ட்இஃப்ஸ்(பி$2:பி$500, பி2, சி$2:சி$500, சி2) என்று ஒரு ஓரத்தில் போட்டுக் கீழே இழுத்துப் பார்ப்பது நல்லது. 1-க்கு மேல் வந்த வரிகள் இரட்டைப் பதிவு. பழைய விலையை அழிக்காமல் புது விலையைக் கீழே சேர்த்துக்கொண்டே போகும் பட்டியல் என்றால், எக்ஸ்லுக்கப்பின் ஆறாவது இடத்தில் -1 கொடுக்க வேண்டும். அது கீழிருந்து மேலாகத் தேடும்.