டாரன்டுலா வீட்டை அலங்கரிக்கலாமா?

கண்ணாடித் தொட்டி, உள்ளே பாறை, மரக்கட்டை, குட்டி மண்டை ஓடு... டாரன்டுலா வளர்க்கிறவங்க போடும் படங்களைப் பார்த்தா நமக்கும் கை துறுதுறுங்கும். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஹைட்ராலிக்ஸ் பாடம்.

சிலந்திக் காலின் முக்கிய மூட்டுகளில் மடக்கத் தசை உண்டு. நீட்டத் தசை கிடையாது. உடல் திரவத்தை அழுத்தத்தோடு அனுப்பித்தான் காலை நீட்டுகிறது. வயிறோ மெல்லிய தோல். விழுந்து அது கிழிஞ்சா திரவம் கசியும், அழுத்தம் குறையும், உயிரே போகலாம்.

ஆக, முதல் கணக்கு உயரம். மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் டாரன்டுலா தரைவாசி. கால் விரிப்பு 14 செ.மீ. என்றால், மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே 14 முதல் 21 செ.மீ. போதும். தொட்டி அதைவிட உயரமா? தேங்காய் நார்த்தூளை ஆழமா நிரப்புங்க. குழி தோண்டவும் வசதி. கார்க் மரப்பட்டையைப் பாதி புதைச்சு வைங்க: அதுக்கு மறைவிடம், நமக்குக் குகைக் காட்சி. கல் வேணும்னா கூர் இல்லாததா எடுத்து, தொட்டியின் அடித்தளத்திலேயே ஊன்றுங்க. இல்லைன்னா, அது கீழே தோண்டும்போது கல் மேலே சரியும்.

தென் அமெரிக்காவின் இளஞ்சிவப்புப் பாத டாரன்டுலா மரவாசி. அதுக்கு உயரமான தொட்டி, செங்குத்தான மரப்பட்டை, இலைகள்.

எட்டுக் கண் இருந்தும் டாரன்டுலாவுக்குப் பார்வை மங்கல். அதிர்வை வைத்தே சுற்றுப்புறத்தை அறிகிறது. கலரும் பொம்மையும் நமக்குத்தான். பாதுகாப்பை முதல்ல முடிங்க. பட்டை மேல வலை பின்ன ஆரம்பிச்சா, மீதி அலங்காரத்தை அதுவே பார்த்துக்கும்!