ஓலைக் குதிரைகள்: பாய் இழைக்கும் இளங்கலைஞருக்கு

பனையோலைப் பாயில் வளைகோடு கிடையாது. சத்தகத்தால் வார்ந்த ஓலை நேராகவே ஓடும். மற்ற ஓலையின் மேலே ஏறும், கீழே இறங்கும். சாயமிட்ட ஓலையால் ஓர் உருவம் கொண்டுவர வேண்டுமானால் அதன் விளிம்பு படிப்படியாகத்தான் அமையும். குதிரையின் கழுத்து படிக்கட்டாகும், வயிறு பெட்டியாகும், கண் ஒரே ஒரு கட்டமாகும். யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் ஒன்றான நெடுந்தீவில் அண்மையில் இழைக்கப்பட்ட ஒரு பாய் இந்த நெருக்கடிக்குள் பெரிய துணிச்சலோடு இறங்கியிருக்கிறது. நான்கு குதிரைகள், நடுவில் பெருக்கு மரம், அடியில் பவளக்கல் வேலி. இழைத்தவர் இளையவர். ஓலை பதப்படுத்துவதையும் சாயம் காய்ச்சுவதையும் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது அந்தக் குதிரைகளைப் பற்றி.

நான்கில் மூன்று குதிரைகள் அச்சொத்தவை. கட்டத்தாளில் ஒரு குதிரையை வரைந்து, கட்டத்தை எண்ணி எண்ணி மூன்று முறை இறக்கியது பார்த்தவுடன் தெரிகிறது. நான்காவது குதிரைக்கு மட்டும் முன்கால் ஒன்று நீண்டிருக்கிறது. பாயோடு கட்டியிருந்த சீட்டு அதற்குக் காரணம் சொல்கிறது: குறையில்லாதவர் கடவுள் ஒருவரே என்பதால் பழங்குடி நெசவாளர்கள் தம் விரிப்புகளில் வேண்டுமென்றே ஒரு பிழை வைப்பார்களாம், இந்தக் காலும் அப்படி வைத்ததாம்.

இந்தக் கதை கம்பள வியாபாரத்தோடு உலகெங்கும் திரிகிறது. இதைவிட நெசவாளரைச் சிறுமைப்படுத்தும் கதை வேறில்லை. தன் வேலை பிழையே இல்லாதது, ஒரு பிழையை வலிந்து சேர்த்தால்தான் அடக்கம் வரும் என்று நினைப்பதில் என்ன பணிவு இருக்கிறது? தென் ஈரானின் கஷ்காய், லூரி மக்களின் விரிப்புகளிலும் ஆப்கான் எல்லையின் பலூச் விரிப்புகளிலும் ஆடும் மானும் ஒட்டகமும் கோணியிருப்பதற்குத் தொழில் சார்ந்த காரணங்கள் உண்டு. அவர்களின் தறி தரையில் கிடக்கும் தறி. மந்தை நகரும்போது அதைச் சுருட்டி எடுத்துச் சென்று அடுத்த இடத்தில் மறுபடி முளையடித்துக் கட்டுவார்கள். பாவின் இழுவிசை மாறும், அகலமும் மாறும். கம்பளியைச் சிறிது சிறிதாகச் சாயமிடுவதால் ஒரே சிவப்பு பாதியில் வேறு சிவப்பாகும். முன்னால் வரைபடம் இராது, நினைவே வரைபடம். விரிப்பு கீழிருந்து மேலே வளர்வதால் காலில் தொடங்கிய விலங்குக்குத் தலை வைக்கும்போது இடம் போதாமல் போகும், கொம்பு கரையில் முட்டும். அந்த முட்டலில்தான் மானுக்கு உயிர் வருகிறது. பெண் ஒருத்தி மானை மானாகவே கொண்டுவர முழு மனத்தோடு பாடுபட்டதன் தடம் அது.

வரைபடம் வைத்து நெய்த பெருங்கம்பளங்களின் சிறப்பு வேறு. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபில் கம்பளம் 1539–40 ஆம் ஆண்டுக்குரியது, 10 மீற்றருக்கு மேல் நீளமானது. அதிலும் நடுவட்டத்தின் இரு பக்கமும் தொங்கும் விளக்குகள் ஒரே அளவில் இல்லை. அதற்கு இன்றுவரை அறிஞர்கள் காரணம் தேடுகிறார்கள்.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கண்டி மாவட்டத்து ஹேனவல கிராமத்தில் தும்பறைப் பாய் நெய்கிறார்கள். ஹண இலையின் நாரை எடுத்து, பதங்கக் கட்டையில் சிவப்பும் மரமஞ்சளில் மஞ்சளும் ஏற்றி, யானை, மான், பறவை, பாம்பு என்று உருவங்கள் போடுகிறார்கள். 2021 இல் யுனெஸ்கோ அதைத் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. யாழ்ப்பாணத் தமிழ் வழி வந்த ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், இத்தகைய கைவினைகளையும் கோயிற் கலைகளோடு ஒரே நூலில் வைத்து எழுதியது. தும்பறை யானையின் தும்பிக்கை செங்கோணத்தில் மடிந்திருக்கும். அதற்கு விளக்கச் சீட்டு எவரும் கட்டுவதில்லை.

தீவுப்பகுதியின் பன்னவேலை என்னும் ஓலைக் கைவினை இந்தப் பெருமைகளை அறியாமலே வளர்ந்தது. பாய் படுப்பதற்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பனாட்டு ஊற்ற ஒரு பாய், ஒடியல் காயவிட ஒரு பாய், விருந்தினர் வந்தால் விரிக்கக் கரையில் சிவப்பும் பச்சையும் ஓடிய ஒரு பாய். வெயில் தாழ்ந்ததும் திண்ணையில் பெண்கள் கூடுவார்கள். ஒருவர் ஓலை வார, ஒருவர் இழைக்க, கதை முடியும்போது பாயும் ஒரு முழம் நீண்டிருக்கும். கதை சுவையாகப் போன இடத்தில் இழை ஒன்று தவறியிருக்கும். அடுத்த நாள் அதைப் பார்த்துச் சிரிப்பார்களே ஒழியப் பிரிப்பதில்லை. 1990 இலும் 1991 இலும் ஊர்காவற்துறையில் இருந்தும் வேலணையில் இருந்தும் புங்குடுதீவில் இருந்தும் மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தபோது அந்தத் திண்ணைகள் வெறுமையாயின. 1978 இல் உருவான பனை அபிவிருத்திச் சபையின் பயிற்சிகள் தொழிலைக் காத்தன. திண்ணைப் பேச்சைப் பயிற்சியால் மீட்க முடியாது. அதனால்தான் இளையவர் ஒருவர் தானாகவே உருவம் போட முன்வருவது இத்தனை பெறுமதியாகத் தெரிகிறது.

அந்தப் பாயின் பெருக்கு மரத்துக்கு ஈடான ஓலை வேலையைக் காண்பது அரிது. மரத்தின் அடி வேண்டியதைவிடப் பருத்துவிட்டது. அதைச் சமாளிக்கக் கிளைகள் திடீரெனக் குறுகி, வானத்துக்குள் வேர்விட்டது போல நிற்கின்றன. பாதியில் சாய ஓலை தீர்ந்து புதிதாகக் காய்ச்சியிருக்க வேண்டும். கபிலம் அங்கே கருஞ்சிவப்பாக மாறுகிறது. நெடுந்தீவுக்குப் போய் அந்த மரத்தின் முன் நின்ற எவரும், அதன் பொந்துக்குள் நுழைந்த எவரும், இது அதே மரம்தான் என்று சொல்வார்கள். கட்டத்தாளில் அது பிறந்திருக்காது. மூன்று அச்சுக் குதிரைகளையும் இழைத்த அதே கை இதையும் இழைத்தது என்பதை நம்பவே கடினமாக இருக்கிறது.

சந்தைக்காகக் கோணலைச் செய்யத் தொடங்கினால் முடிவு என்னவாகும் என்பதற்கு ஆப்கான் போர் விரிப்புகள் சான்று. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் நுழைந்த பின், பூவும் பறவையும் இருந்த இடத்தில் டாங்கியும் ஹெலிகொப்டரும் வந்தன. கண்ணால் கண்டதை நெய்த விரிப்புகளில் ஹெலிகொப்டரின் விசிறி சிலவேளை பூவைப் போல இருக்கும். அவற்றை வாங்க வெளிநாட்டார் வந்ததும் வியாபாரிகள் மாதிரி கொடுத்து நெய்வித்தார்கள். கோணல் அப்படியே தொடர்ந்தது. பார்த்த கண் மட்டும் அதில் இல்லை.

நெடுந்தீவுக் குதிரைகள் ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை என்பர். இன்று வெட்டவெளியில் தாமாக மேய்கின்றன. கோடையில் தண்ணீருக்கு அலையும் குதிரை தலை தாழ்ந்து நடக்கும். மாரிக்குப் பின் புல்வெளியில் நிற்பது கழுத்தை நிமிர்த்தும். ஒன்றைப் போல ஒன்று நிற்பதில்லை. இழைப்பவர் ஒரு பொழுதேனும் அங்கே இருந்து பார்த்துவிட்டு, தாளை வீட்டில் விட்டுவிட்டு இழைக்க வேண்டும். கால் அப்போதும் நீளும். அந்த நீளத்தில் பொய் இராது. நயினாதீவில் அம்மனுக்குப் பூக் கொண்டு நீந்திய நாகத்தைக் கருடன் மறித்த கதையும் காத்திருக்கிறது. படிப்படியாக ஏறி இறங்கும் ஓலைக்குப் பாம்பைப் போல இணங்கும் உருவம் வேறில்லை. அடுத்த பாய் அதுவாக இருக்கட்டும். அதில் கட்டும் சீட்டில் இழைத்தவர் பெயரும் ஊரும் மட்டும் இருக்கட்டும்.